பாங்காக்கில் சாக் யந்த்: மூங்கில் ஊசி என்றால் பயமில்லையா?

நெல்லைவாசி | 6 ஜனவரி 2024, இரவு 9.40

மார்ச்சில் பத்து நாள் பாங்காக் வருகிறேன். முதுகில் சாக் யந்த், அதாவது தாய்லாந்தின் மந்திரப் பச்சை, குத்திக்கொள்ள வேண்டும் என்று ரொம்ப நாள் ஆசை. மெஷின் இல்லாமல் மூங்கிலால் கையில் குத்துவதால் ஆழமாகப் போகாது, அதனால் தொற்று வராது என்று யூடியூபில் அடித்துச் சொல்கிறார்கள். பிக்குவே மந்திரம் சொல்லிக் குத்துகிறார், அப்புறம் என்ன பயம்? அங்கே இருப்பவர்கள் சொல்லுங்கள்.

சீலோம்கல் | 6 ஜனவரி, இரவு 11.15

மூங்கில் என்பதே இப்போது பாதிக் கதை. பெரும்பாலும் எஃகுக் கம்பிதான். முழங்கையிலிருந்து விரல் நுனி வரை நீளம் இருக்கும். மூங்கில் வைத்திருப்பவர்களும் உண்டு, அதிலும் நுனியில் இருப்பது உலோக ஊசி.

ஆழமாகப் போகாது என்பதைக் கொஞ்சம் யோசியுங்கள். மேல்தோல் சில வாரங்களில் உதிர்ந்து புதிதாகிவிடும். மை ஆயுசுக்கும் நிற்கிறது என்றால் அதற்குக் கீழே, ரத்தம் ஓடுகிற அடுக்குக்குப் போயிருக்கிறது. மெஷின் போகிற இடத்துக்கே இதுவும் போகிறது. இரைச்சல்தான் இல்லை.

என் முதுகில் இரண்டு இருக்கின்றன. ஒன்று 2016, இன்னொன்று 2022. ஊசி புதிதா என்று கேளுங்கள், பிரித்துக் காட்டச் சொல்லுங்கள். அது போதும்.

சீலோம்கல் | 7 ஜனவரி, காலை 6.50

"அது போதும்" என்று தூக்கக் கலக்கத்தில் எழுதிவிட்டேன். போதாது. 2016இல் நானும் அவ்வளவுதான் கேட்டேன்.

நகரத்துக்கு வெளியே, சாக் யந்த் குத்துகிற ஓர் ஆஜானின் வீடு. (ஆஜான் என்றால் நம்ம ஆசான்தான், இரண்டுக்கும் மூலம் ஆசார்ய.) பெயர் வேண்டாம், அவர் மேல் எனக்கு இன்றும் மரியாதை உண்டு. சனிக்கிழமை, பாயில் பத்துப் பதினோரு பேர். தட்டில் பூ, ஊதுவத்தி, மெழுகுவத்தி, ஒரு பாக்கெட் சிகரெட். என் முறை வந்ததும் ஊசி புதிதா என்று அரைகுறைத் தாய்லாந்து மொழியில் கேட்டேன். சிரித்துக்கொண்டே ஒரு புதுக் கம்பியை எடுத்துக் காட்டினார். எனக்கு மனசு நிறைந்துவிட்டது.

அந்தப் புதுக் கம்பியை அவர் முக்கியது, எனக்கு முன்னால் நான்கு பேர் முதுகுக்குப் போய்வந்த கம்பிகள் முங்கிய அதே கிண்ணத்தில். ஓட்டலில் சட்னி வைப்பார்களே, அந்த அளவு எவர்சில்வர் கிண்ணம். விளிம்பில் மை காய்ந்து வளையம் வளையமாக நின்றது, நடுவில் கருப்பு. கருப்பில் எந்தக் கலப்பும் தெரியாது.

பாங்காக்கின் சீலோம் பகுதியில், ரத்தினக் கல் கடையில் வேலை எனக்கு. ஒரு நீலக் கல்லுக்குள் மயிரிழை இருந்தால் லூப் என்கிற உருப்பெருக்கிக் கண்ணாடி வைத்துக் கண்டுபிடிக்கிறவன். ஓரடி தூரத்தில் இருந்த கிண்ணத்தைப் பார்க்கவில்லை.

சீலோம்கல் | 7 ஜனவரி, இரவு 10.30

ஒன்றை மறைத்துவிட்டேன், அதையும் சொல்லிவிடுகிறேன்.

கையால் குத்தும்போது தோலை விறைப்பாக இழுத்துப் பிடிக்க இரண்டு பேர் வேண்டும். பல இடங்களில் அந்த வேலை வரிசையில் அடுத்து இருப்பவருக்கு. எனக்கு முன்னால் இருந்த லாரி டிரைவரின் முதுகை இழுத்துப் பிடித்தது நான். வெறும் கையால். முந்தின நாள்தான் பட்டறையில் சாணைச் சக்கரம் ஆள்காட்டி விரல் நுனியைக் கிழித்திருந்தது. குத்தக் குத்த ரத்தம் பொட்டுப் பொட்டாக எழும், ஆஜான் டிஷ்யூவால் ஒற்றுவார், அது என் விரலுக்கு ஓர் அங்குலம் பக்கத்தில். பக்தியோடு பிடித்துக்கொண்டிருந்தேன்.

என் முறையில் என் முதுகைப் பிடித்தவர் கையில் என்ன இருந்தது என்று எனக்குத் தெரியாது.

சீலோம்கல் | 8 ஜனவரி, மதியம் 1.05

ஸ்பிரிட்டில் கம்பியை முக்கித்தானே எடுக்கிறார்கள் என்று கேட்டிருந்த அன்பருக்கு: நானும் இதையேதான் தங்கையிடம் சொன்னேன். அவள் திருச்சியில் டயாலிசிஸ் பிரிவில் நர்ஸ். போனிலேயே கிழித்தாள்.

"அண்ணே, ஸ்பிரிட்டுல முக்குனா அது கிளீன், ஸ்டெரைல் இல்ல. கிருமி முழுசா சாகணும்னா ஆட்டோகிளேவ்னு நீராவி அழுத்தப் பெட்டி, அதுல 121 டிகிரி, குறைஞ்சது 15 நிமிஷம். அந்தக் கிண்ணத்த யாரு ஆட்டோகிளேவ்ல வெச்சா?"

ஈரலைத் தாக்கும் ஹெபடைட்டிஸ் பி கிருமி உடம்புக்கு வெளியே, காய்ந்த ரத்தத்தில், குறைந்தது 7 நாள் உயிரோடு இருக்கும். சி வகை ஆய்வகச் சோதனையில் 6 வாரம் வரை தாக்குப்பிடித்திருக்கிறது. மருத்துவமனையில் இந்தக் கிருமி உள்ள நோயாளிக்குப் போட்ட ஊசி கையில் குத்திவிட்டால் என்ன ஆபத்து என்பதற்கு அவர்களுக்கு ஒரு கணக்கு இருக்கிறது. ஹெச்ஐவி சுமார் 0.3%, சி சுமார் 1.8%, தடுப்பூசி போடாதவருக்கு பி 30% வரைகூடப் போகும். பச்சை குத்துவதற்கு அப்படியே பொருந்தாது, அது உள்ளே துளை உள்ள ஊசிக்கான கணக்கு. ஆனால் எதற்கு முதலில் பயப்பட வேண்டும் என்பது தெரிகிறது. நான் ஆறு மாதம் ஹெச்ஐவியை நினைத்தே தூங்காமல் கிடந்தேன்.

மூன்றாம் மாதமும் ஆறாம் மாதமும் ரத்தம் கொடுத்துப் பார்த்தேன். எல்லாம் நெகட்டிவ். அதிர்ஷ்டம்தான். ஆனால் அன்று யந்திர மகிமை என்று அறைத்தோழரிடம் சொன்னேன். காயல்பட்டினத்துக்காரர் அவர். "மகிமை இருந்தா எதுக்குப்பா ரெண்டு தடவ ரத்தம் குடுத்தே?" என்றார்.

சீலோம்கல் | 9 ஜனவரி, காலை 8.20

அமெரிக்காவில் இந்தப் பிரச்சினையே இல்லை என்று எழுதியவருக்கு. 2011 கடைசியில் நியூயார்க் மாநிலம் ரோசெஸ்டரில் மெஷினில் பச்சை குத்திக்கொண்ட 19 பேருக்கு வேர்க்குரு மாதிரி சிவந்த தடிப்பு வந்தது. வாரக்கணக்கில் போகவில்லை. மைகோபாக்டீரியம் செலோனி என்ற கிருமி, காசநோய்க் கிருமியின் தூரத்துச் சொந்தம். வந்த வழி மை. தயாரிப்பிலேயே காய்ச்சி வடித்த நீர் கலந்திருந்தார்கள். காய்ச்சி வடித்த நீர் கிருமி நீக்கிய நீர் அல்ல.

எத்தனை ஊசி மாற்றினாலும் இது வரும். இங்கே குழாய்த் தண்ணீரை விட்டு மையைத் தளர்த்துகிறவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

நெல்லைவாசி | 10 ஜனவரி, இரவு 7.55

வயிற்றைக் கலக்குகிறது. அப்போ குத்திக்கொள்ளவே வேண்டாம் என்கிறீர்களா?

சீலோம்கல் | 10 ஜனவரி, இரவு 11.40

இல்லை தம்பி. வேண்டாம் என்று நினைத்திருந்தால் 2022இல் இரண்டாவது குத்தியிருக்க மாட்டேன். அதைச் சாவகாசமாக எழுதுகிறேன். நாளைக்கே செய்ய வேண்டியது ஒன்று: ஹெபடைட்டிஸ் பி தடுப்பூசி. வழக்கமான கணக்கு 0, 1, 6 மாதம், மார்ச்சுக்குள் முடியாது. முதல் டோஸ் மட்டும் போட்டுக்கொண்டு வாருங்கள், பாதிப் பாதுகாப்பாவது கிடைக்கும்.

சீலோம்கல் | 11 ஜனவரி, காலை 7.10

மேலே சொன்னதைத் தங்கை படித்துவிட்டாள். ஒரு டோஸை நம்பாதே என்கிறாள். அவசரத்துக்கு என்று வேறு அட்டவணை இருக்கிறதாம்: 0, 7, 21 நாள், அப்புறம் 12ஆம் மாதம் ஒரு பூஸ்டர். மருத்துவரிடம் கேட்டு அதைப் போடுங்கள், இன்னும் நேரம் இருக்கிறது. சின்ன வயதில் போட்டிருந்தால் ரத்தத்தில் எதிர்ப்பு அளவு பார்த்துக்கொள்ளலாம். டெட்டனஸும் பார்த்துவிடுங்கள். சி வகைக்குத் தடுப்பூசி இல்லை.

நான் தடுப்பூசி போட்டது இங்கே ராம் 4 சாலையில், செஞ்சிலுவைச் சங்கத்தின் ராணி சவோவபா நிலையத்தில். அதே வளாகத்தில்தான் பாம்புப் பண்ணை. ஊசி போட்டுக்கொண்டு வெளியே வந்தால் பாம்பிலிருந்து விஷம் எடுத்துக் காட்டுகிறார்கள். பழைய காலத்தில் சாக் யந்த் மையில் பாம்பு விஷமும் கலப்பார்கள் என்று ஒரு பேச்சு உண்டு. அன்றைக்கு அதையும் பார்த்தாயிற்று.

சீலோம்கல் | 20 ஜனவரி, இரவு 9.00

இந்த விவாத இழை எழுத்தாராய்ச்சிக்குப் போய்விட்டது, நானும் போகிறேன். முதுகில் குத்துவது தமிழ் எழுத்து என்று ஒருவர் எழுதியிருக்கிறார். இல்லை. மத்தியத் தாய்லாந்தில் அது கோம் எழுத்து, கெமர் எழுத்திலிருந்து வந்தது. மொழி பெரும்பாலும் பாலி. வடக்கே சியாங் மாய் பக்கம் லான்னா எழுத்து. ஆனால் கெமர் எழுத்துக்கு மூலம் பல்லவ எழுத்து. காஞ்சிபுரத்துக்காரர்கள் கொஞ்சம் நெஞ்சை நிமிர்த்திக்கொள்ளலாம், அதற்கு மேல் வேண்டாம்.

யந்த் என்பதும் நம் யந்திரம்தான். நாம் செப்புத் தகட்டில் கீறித் தாயத்துக்குள் போட்டோம், இவர்கள் தோலில் எழுதுகிறார்கள். சாக் என்றால் குத்துவது. பாட்டியின் முன்கையில் குறத்தி குத்திய கோலப் பச்சை இருந்தது. அதற்கு எந்த ஊசி, எந்தக் கிண்ணம் என்று யார் கேட்டார்கள்.

ஏஞ்சலினா ஜோலி 2003இல் இடது தோளில் குத்திக்கொண்டாரே, அது ஹா தேவ், ஐந்து வரி மந்திரம். என் முதலாவதும் அதே. கடையில் இன்னும் கிண்டல் ஓயவில்லை.

சீலோம்கல் | 28 ஜனவரி, மாலை 6.15

யாரும் கேட்கவில்லை, ஆனால் நம் தோலுக்கு முக்கியம். சின்ன வயதில் இடது கையில் போட்ட பிசிஜி என்கிற காசநோய்த் தடுப்பூசியின் தழும்பைத் தடவிப் பாருங்கள். தட்டையாக, கொஞ்சம் குழிந்து இருந்தால் சரி. தடித்து, மினுமினுவென்று மேடாக இருந்தால் உங்களுக்குக் கீலாய்டு வரும் வாகு இருக்கலாம். காயம் ஆறியும் தழும்பு அடங்காமல் வளர்ந்துகொண்டே போவதுதான் கீலாய்டு. நம் நிறத்துக்காரர்களுக்கு அதிகம். அது அதிகம் வரும் இடங்கள் தோள், மேல்முதுகு, நெஞ்சு. சாக் யந்த் குத்துகிற இடங்களும் அவையே.

என் பிசிஜி தழும்பு புளியங்கொட்டை மாதிரி இருக்கும். அது எனக்குச் சொன்னதை நான் கேட்கவில்லை. ஐந்தாவது வரியின் கடைசி எழுத்து இன்று தோலுக்கு மேலே ஒரு பட்டாணி. சட்டை உரசினால் அரிக்கிறது. இரண்டு முறை அதற்குள் ஸ்டீராய்டு ஊசி போட்டாயிற்று. கொஞ்சம் அடங்கியிருக்கிறது.

சர்க்கரை கட்டுக்குள் இல்லாதவர்கள், ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுகிறவர்கள் முதலில் டாக்டரைக் கேளுங்கள்.

சீலோம்கல் | 3 பிப்ரவரி, இரவு 10.50

இரண்டாவது கதை. கீலாய்டு இருந்தும் ஏன் போனாய் என்று தங்கை கேட்டாள். இன்றுவரை பதில் சொல்லவில்லை. 2021இல் அப்பா போனார், என்னால் ஊருக்குப் போக முடியவில்லை. அதற்குமேல் இங்கே எழுத வராது.

மூன்று ஆஜான்களைப் போய்ப் பார்த்தேன், குத்திக்கொள்ள அல்ல, ஓரமாக உட்கார்ந்து வேறு ஒருவருக்குக் குத்துவதைப் பார்க்க. இங்கே யாரும் விரட்டுவதில்லை, கும்பிட்டுவிட்டு உட்காரலாம். அரைமணி நேரம் கையை மட்டும் பாருங்கள். ஒருவர் கையுறை போட்டார், அருமை. குத்திக்கொண்டிருக்கும்போது செல்போன் அடித்தது. அதே கையுறையோடு எடுத்துப் பேசிவிட்டு அதே கையால் தொடர்ந்தார். எழுந்து வந்துவிட்டேன்.

மூன்றாமவரிடம் கம்பி மட்டும்தான் நிரந்தரம். நுனி ஊசி திருகிக் கழற்றுகிற மாதிரி, ஒவ்வொன்றும் ஒட்டிய பையில், பையின் மேல் காலாவதித் தேதி. நம் கண் முன்னால் பிரிக்கிறார். மை, விரல் தொப்பி அளவு பிளாஸ்டிக் மூடியில், ஒருவருக்கு ஒன்று, மிச்சத்தை ஊசியோடு சேர்த்து மஞ்சள் டப்பாவில் போட்டுவிடுகிறார். தோலைப் பிடிப்பது அவருடைய சிஷ்யப் பையன்கள், கையுறையோடு. எனக்கு முந்தையவரின் கையுறையை என் முதுகுக்கு மாற்றினார்களா என்று கழுத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். ஆஜான் தலையில் ஒரு தட்டுத் தட்டினார், ஆடாதே என்று.

கடைசியில் கதா என்கிற மந்திரம் சொல்லி முதுகில் ஊதுவார்கள். பச்சைக் காயத்தின் மேல் ஊதுவது சுத்தமா என்றால் சுத்தமில்லை. அதை மட்டும் நான் தடுக்கவில்லை. ஊதாவிட்டால் அது வெறும் கோடு. தங்கக் காகிதம் ஒட்டுவதை வேண்டாம் என்று கும்பிட்டுச் சொன்னேன், கோபிக்கவில்லை.

இந்த இரண்டாவது பச்சை முதுகின் நடுவில், சின்னது. கீலாய்டு வரவில்லை, இதுவரை.

சீலோம்கல் | 4 பிப்ரவரி, காலை 7.30

விட்டுப்போனது: வீட்டுக்கு வந்து மஞ்சள் அரைத்துப் போடாதீர்கள். மென்மையான சோப்பும் சுத்தமான தண்ணீரும் போதும்.

குத்தியதும் புக்கெட்டுக்குப் போய்க் கடலில் குதிக்கிற திட்டமெல்லாம் வேண்டாம். இரண்டு மூன்று வாரம் கடல், குளம், நீச்சல்குளம் எதுவும் கிடையாது. அமெரிக்காவில் பச்சை குத்திய ஐந்தாம் நாள் மெக்சிகோ வளைகுடாவில் நீந்திய ஒருவருக்குக் கடல்நீர்க் கிருமி தாக்கி உயிரே போனது, 2017இல் மருத்துவ இதழில் வந்தது. அவருக்கு ஏற்கெனவே ஈரல் கெட்டிருந்தது, எல்லோருக்கும் அப்படி ஆகாது. இருந்தாலும் பயணத்தில் கடலை முதலில் வையுங்கள், ஆஜானைக் கடைசியில்.

சீலோம்கல் | 11 பிப்ரவரி, இரவு 8.45

பெண்களுக்கும் குத்துவார்களா என்று ஒரு சகோதரி கேட்டிருக்கிறார். பிக்குகள் பெண்களைத் தொடக்கூடாது. சிலர் துணியோ கையுறையோ இடையில் வைத்துக் குத்துகிறார்கள். பெண்கள் பெரும்பாலும் துறவியல்லாத ஆஜான்களிடம் போகிறார்கள். கோடு தெரியாமல் எண்ணெயில் குத்துவதும் உண்டு, அலுவலகத்தில் தெரியக்கூடாது என்பவர்களுக்கு. எண்ணெய்தானே என்று அலட்சியம் வேண்டாம், குத்துகிற ஊசி அதே ஊசி. எண்ணெய்க் கிண்ணத்தையும் பாருங்கள்.

கொழும்பு வழியாக வருகிறவர்களுக்கு: உடம்பில் புத்தர் உருவம் வேண்டாம். 2014இல் கையில் புத்தர் பச்சை இருந்ததற்காக ஒரு பிரிட்டிஷ் பயணியைக் கட்டுநாயக்க விமான நிலையத்தில் பிடித்துத் திருப்பி அனுப்பினார்கள். 2017இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் அவருக்கு நஷ்ட ஈடு தரச் சொன்னது. நமக்காக யார் மூன்று வருடம் வழக்கு நடத்துவது? எழுத்து யந்திரம் போதும். இடுப்புக்குக் கீழே கேட்காதீர்கள், தாய்லாந்துக்காரர்களுக்கு அது அவமரியாதை.

இந்தியாவில் 12 மாதம் ரத்ததானம் கொடுக்க முடியாது, அதையும் கணக்கில் வையுங்கள்.

சீலோம்கல் | 18 பிப்ரவரி, இரவு 9.20

குத்திக்கொண்டவர் கடைப்பிடிக்க வேண்டிய விதிகள் பற்றி. ஆஜானுக்கு ஆஜான் மாறும். அடுத்தவர் மனைவியை நாடாதே, துணி காயும் கொடிக்கு அடியில் போகாதே, சுரைக்காய் சாப்பிடாதே, நட்சத்திரப் பழம் சாப்பிடாதே, அம்மாவை எதிர்த்துப் பேசாதே.

போன முறை ஊருக்குப் போனபோது அம்மா நட்சத்திரப் பழ ஊறுகாய் போட்டு வைத்திருந்தாள். நாங்கள் தமரத்தங்காய் என்போம். வேண்டாம் என்றால் அம்மா பேச்சை மீறினதாகும், தின்றால் பழ விதி. தின்றேன். ஆஜானிடம் வந்து சொன்னேன், விழுந்து விழுந்து சிரித்தார். அம்மா விதிதான் பெரிது என்றார்.

சுரைக்காய் பற்றி அவர் எதுவும் சொல்லவில்லை. எனக்கு அது சின்ன வயதிலிருந்தே பிடிக்காது, கேட்கவும் இல்லை.

சீலோம்கல் | 25 பிப்ரவரி, மாலை 5.00

நெல்லைவாசிக்கு. வாட் பாங் ப்ராவில் மார்ச்சில் வாய் க்ரூ, குருவணக்க விழா. நகோன் பதோம் மாகாணம், இங்கிருந்து மேற்கே 50 கிலோமீட்டர் போல. 2002இல் மறைந்த லுவாங் போ பெர்ன் என்ற பிக்குவால் பேர்பெற்ற கோயில். ஆயிரக்கணக்கில் வருவார்கள். திடீரென்று ஒருவர் புலியாக உறுமிக்கொண்டு மேடையை நோக்கி ஓடுவார், இன்னொருவர் குரங்காகத் தாவுவார். கோங் குன் என்பார்கள். பயப்படாதீர்கள், நம் ஊர் சாமியாட்டம்தான். நாம் விபூதி பூசுவோம், இங்கே காதைப் பிடித்துத் தேய்க்கிறார்கள், அடங்கிவிடும்.

போய்ப் பாருங்கள். ஆனால் விழா நெரிசலில் எங்கேயும் குத்திக்கொள்ளாதீர்கள். அவசரமாக வேலை செய்கிற கையிடம் கிண்ணத்தைப் பற்றிக் கேட்க முடியாது.

நெல்லைவாசி | 21 மார்ச், இரவு 10.05

முடிந்தது. ஒன்பது முனை, காவ் யோத், கழுத்துக்குக் கீழே. மூன்று தடுப்பூசியும் போட்டுவிட்டுத்தான் வந்தேன். முதலில் போன இடத்தில் ஒரே கிண்ணம். வயிறு சரியில்லை என்று பொய் சொல்லி எழுந்து வந்துவிட்டேன், காணிக்கைத் தட்டை வைத்துவிட்டு. இரண்டாவது இடத்தில் தனி மூடி, கையுறை எல்லாம் சரி. குத்தும்போது அழுதுவிட்டேன். வலியில்லை. என்னவென்று தெரியவில்லை.

சீலோம்கல் | 22 மார்ச், காலை 6.40

அதற்கெல்லாம் காரணம் தேடாதீர்கள், நானும் தேடவில்லை.

வயிறு சரியில்லை என்பது நல்ல பொய், நானும் எடுத்துக்கொள்கிறேன். 2016இல் எனக்கு அது தோன்றவில்லை.

காய்ச்சல், பரவுகிற சிவப்பு, சீழ், இதில் எது வந்தாலும் அன்றைக்கே டாக்டர். ஹெச்ஐவி பயம் வருகிற மாதிரி ஏதாவது நடந்திருந்தால் 72 மணி நேரத்துக்குள் தடுப்பு மருந்து தொடங்க வேண்டும், 28 நாள் சாப்பிட வேண்டும். உங்கள் விஷயத்தில் தேவைப்படாது, படிக்கிற மற்றவர்களுக்காக எழுதுகிறேன்.

நான்காவது டோஸ் அடுத்த ஜனவரி. இப்போதே போனில் குறித்துவையுங்கள். நான் குறிக்காமல் விட்டு ஐந்து மாதம் கழித்துப் போட்டேன், தங்கைக்கு அது இன்னும் தெரியாது. தெரிந்துவிட்டது, அவள்தான் இந்த இழையைப் படிக்கிறாளே.